அந்த வெள்ளைப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள், தம்பி

இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாடகை அறை, வங்கிக் கணக்கு, குளிருக்கு எந்தக் கோட்டு என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் இந்தப் பாட்டில். காலமான பெரியப்பாவின் மாடிப்படி அலமாரியிலிருந்து பெரியம்மா எடுத்துக் கொடுத்தது; லேபிள் இல்லை, வாயில் மெழுகு, ஒரு பக்கம் வெள்ளைப் பெயிண்ட் சிந்தியிருக்கிறது, சுரண்டிக் கழுவலாமா என்கிறீர்கள். அறைக்கும் கோட்டுக்கும் வழி சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். பாட்டிலைக் கெடுக்க ஐந்து நிமிடம் போதும் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

அது சிந்திய பெயிண்ட் இல்லை, வேண்டுமென்றே தீற்றியது. போர்ட் என்பது போர்ச்சுகலின் இனிப்பான, வலுவான ஒயின்; ஒரே நல்ல வருடத்து அறுவடையில் செய்து, பாட்டிலிலேயே பல காலம் முதிரவிடுவது விண்டேஜ் போர்ட். பழைய விண்டேஜ் போர்ட் பாட்டிலைப் படுக்கவைக்கும்போது எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். வண்டல் எதிர்ப்பக்கம் கண்ணாடியோடு ஒட்டி ஓடாகப் படிந்திருக்கும். பாட்டிலை எங்கே கொண்டுபோனாலும் அந்த வெள்ளை மேலேயே இருக்கட்டும். லேபிள் இல்லாததும் குறையில்லை. அந்தக் காலத்து விண்டேஜ் போர்ட் பல சமயம் லேபிள் ஒட்டாமலேயே நிலவறைக்குப் போனது.

எந்த நிறுவனம், எந்த வருடம் என்பதற்கான தடயம் கழுத்தில் இருக்கிறது. முதலில் மெழுகின் உச்சி. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அழுந்திய எழுத்துகள் நிழலாகத் தெரியும். நிறுவனத்தின் பெயரும் வருடமும் இருக்கலாம். மெழுகுக்குப் பதில் ஈய உறை இருந்தால், மெல்லிய தாளை மேலே வைத்து மென்மையான பென்சிலால் லேசாகத் தேய்த்தாலே எழுத்து எழும்பும்.

அடுத்து கார்க். மெழுகு உதிர்ந்த இடத்தில் கழுத்துக்குப் பின்னால் டார்ச்சை வைத்து, போன் கேமராவால் பெரிதாக்கிப் பாருங்கள். கோபர்ன், டெய்லர், கிரஹாம், வார், ஃபொன்சேக்கா போன்ற போர்ட் நிறுவனத்தின் பெயரோடு அறுவடை வருடம் கார்க்கில் சுட்டு எழுதப்பட்டிருக்கும். 1963 என்றோ 1970 என்றோ தெரிந்தால் நல்ல வருடங்கள். சில கார்க்கில் பாட்டிலில் அடைத்த வருடமும் இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி இரண்டு, மூன்று வருடம் என்றால் விண்டேஜ். நான்கிலிருந்து ஆறு என்றால் எல்.பி.வி., அதாவது தாமதமாகப் பாட்டிலில் அடைத்த வகை (லேட் பாட்டில்ட் விண்டேஜ்); அதன் மதிப்பு வேறு.

கழுத்தில் போர்ச்சுகல் அரசின் காகித முத்திரைப் பட்டை இல்லையே என்று போலி என முடிவுகட்டாதீர்கள். 1970 அறுவடை வரை பீப்பாயில் கப்பலேறி வந்து இங்கேயே வியாபாரிகள் அடைத்த பாட்டில்கள் ஏராளம். அவற்றில் அந்தப் பட்டை இருக்காது. அதன் பிறகுதான் விண்டேஜ் போர்ட்டை அங்கேயே அடைக்க வேண்டும் என்று ஆனது.

பிறகு அளவு. பாட்டிலை நிமிர்த்தாமல், மெதுவாகச் சாய்த்து ஒயின் எதுவரை நிற்கிறது என்று பாருங்கள். கழுத்தின் அடிவரை இருந்தால் நல்லது. தோளுக்கு நடுவில் இறங்கியிருந்தால் கார்க் கசிந்திருக்கிறது, காற்றும் புகுந்திருக்கிறது. அப்போது எந்தப் பெயர் இருந்தும் பயன் குறைவு.

நம் ஆட்கள்மீது எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. இதுபோன்ற பாட்டிலை ஹாலில், ஹீட்டருக்கு நேர் மேலே, கண்ணாடி அலமாரியில் நிமிர்த்தி வைத்து விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். வெப்பம் கார்க்கைக் காயவைக்கும், வெளிச்சம் மீதியைக் கெடுக்கும். இருட்டில், 12 முதல் 15 டிகிரியில் படுத்துக் கிடக்க வேண்டியது அது. உங்கள் பெரியப்பா மாடிப்படிக்குக் கீழே வைத்தது அறிந்து செய்த காரியம். பழசானால் எல்லாமே விலை ஏறும் என்று வாட்ஸ்அப்பில் சொல்பவர்களையும் நம்பாதீர்கள். போர்ட்டிலேயே ரூபி, டானி என்ற வகைகள் பாட்டிலில் வளர்வதில்லை. ஷெர்ரி என்பது ஸ்பெயின் நாட்டு ஒயின்; 'பிரிட்டிஷ் ஷெர்ரி' என்று எழுதிய பாட்டில்களோ இறக்குமதியான திராட்சைச் சாற்றில் இங்கே செய்தவை. 1996 முதல் அந்தப் பெயரே கூடாது என்றாகிவிட்டது. போர்ச்சுகலின் மடெய்ரா தீவிலிருந்து வரும் மடெய்ரா ஒயின் மட்டும் வேறு ஜாதி: அதை நிமிர்த்தித்தான் வைப்பார்கள், திறந்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். அதில் 'சொலேரா' என்ற சொல்லோடு வரும் வருடம் அறுவடை வருடம் அல்ல, பீப்பாய் வரிசையைத் தொடங்கிய வருடம்.

திறக்க நேர்ந்தால், முதலில் இரண்டு நாள் நிமிர்த்தி வையுங்கள். மெழுகைக் கத்தியின் முதுகால் தட்டி உதிர்த்து, வாயை ஈரத்துணியால் துடையுங்கள். ஈய உறை என்றால் இரண்டு தடவை துடைக்க வேண்டும்; ஈய உப்பு விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருக்கும். போர்ட் பாட்டிலின் கழுத்து நடுவில் உப்பியிருப்பதால் கார்க் அங்கே விரிந்து, இழுக்கும்போது இரண்டாக முறியும். சாதாரணத் திருகு அதன் நடுவைத் தோண்டி எடுத்துவிடும். இரண்டு தகடுகள் உள்ள கார்க் எடுப்பான் வாங்குங்கள். வெள்ளைத் தீற்றல் மேலிருக்க, கழுத்துக்குக் கீழே விளக்கு எரிய, நிறுத்தாமல் ஒரே சீராக டிகாண்டரில், அதாவது ஒயினை மாற்றி ஊற்றும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றுங்கள். கறுத்த இழை ஒன்று கழுத்தை நோக்கி நகர்ந்து வரும். அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். அவ்வளவு பழைய போர்ட்டை அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

விற்பதானால் தெருமுனைக் கடைக்கு வேண்டாம். ஒயின் ஏலம் விடும் நிறுவனத்துக்கு உச்சி, கார்க், ஒயின் நிற்கும் மட்டம் மூன்றையும் படமெடுத்து அனுப்புங்கள். இத்தனை வருடம் எங்கே, எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. குழந்தை பிறந்த வருடத்து போர்ட்டை வாங்கி, அது வளர்ந்து ஆளானதும் திறப்பது இந்த ஊர்க்காரர்களின் பழைய வழக்கம். முன்னால் வந்த நம்மவர்கள் சிலருக்கு மேலதிகாரியோ பக்கத்து வீட்டுக்காரரோ அப்படி ஒரு பாட்டிலைக் கொடுப்பதுண்டு. குடிப்பழக்கம் இல்லாதவர்கள்கூட மரியாதைக்காக அதை வைத்திருந்தார்கள். கார்க்கில் வருடத்தைப் படித்ததும் பெரியம்மாவுக்குப் போன் செய்து, அக்கா அண்ணன்கள் பிறந்த வருடங்களைக் கேளுங்கள். ஏதாவது ஒன்று பொருந்தினால் பாட்டில் உங்களுடையது அல்ல; வெள்ளை மேலே இருக்கும்படி துணியில் சுற்றி, அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுங்கள்.