புல்லட் ஹெட்டைச் சீவலாமா?

கேள்வி: என்னிடம் 1986 மாடல் புல்லட் 350 இருக்கிறது. சிறுமலை ஏற்றத்தில் முன்பு போல இழுவை இல்லை. ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடி) 3 மி.மீ. சீவினால் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை அமுக்கும் அழுத்தம்) கூடி வண்டி பறக்கும் என்கிறார் லேத் பட்டறைக்காரர். செய்யலாமா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ‘முன்பு போல இல்லை’ என்கிறீர்கள். முன்பு இழுத்ததும் இதே ஹெட்தானே? அப்படியானால் இருக்கிற கம்ப்ரஷன்தான் எங்கோ கசிகிறது. கிக்கரை மெல்ல மிதித்து, கம்ப்ரஷனில் இறுகும் இடத்தில் நிறுத்தி, அதன் மேல் ஏறி நில்லுங்கள். சட்டென்று கீழே இறங்கினால் கசிவு உறுதி. சைலன்ஸர் பக்கம் ‘உஸ்’ என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்ப்பரேட்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, பிரீதர் குழாயில் (இன்ஜின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ளினால் பிஸ்டன் ரிங். கிக் அடிக்கச் சுலபமாக அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் வால்வையும் கழற்றிப் பாருங்கள். பழைய புல்லட்டில் அது சரியாக உட்காராமல் கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சீவினால் என்ன கிடைக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். 346 சி.சி. இன்ஜின், கம்ப்ரஷன் விகிதம் 6.5, அதாவது உள்ளே வரும் கலவை ஆறரையில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் சுமார் 63 சி.சி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ. என்பதால், 1 மி.மீ. சீவினால் அதில் 3.85 சி.சி. குறையும். விகிதம் 6.9-ஐத் தொடாது. ஏட்டுக் கணக்கில்கூட நூற்றுக்கு 2 பங்குதான் லாபம். 3 மி.மீ. என்றால் 7.7 வரை போய்விடும்.

அந்த 3 மி.மீ.யை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். ஏற்காடு கொண்டை ஊசி வளைவுகளில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும் சத்தம்). வண்டி திரும்பி வந்தபோது பிஸ்டன் மண்டையில் ஓட்டை. என் செலவில்தான் மாற்றிக் கொடுத்தேன். அந்த வாடிக்கையாளர் நடுமலையில் நின்றதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

இங்கிலாந்தில் இந்த இன்ஜின் வந்த காலத்துப் பெட்ரோலின் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) 70-ஐ ஒட்டித்தான் இருந்தது. இப்போது சாதாரண பெட்ரோலே 91-க்குக் குறையாது. அதனால் கொஞ்சம் ஏற்ற இடம் இருக்கிறது, மறுக்கவில்லை.

கசிவையெல்லாம் அடைத்த பிறகும் ஆசை இருந்தால் 1 மி.மீ.யோடு நிறுத்துங்கள். பூட்டும்போது பிஸ்டன் மேல் களிமண் வைத்துக் கையால் இன்ஜினைச் சுற்றி, வால்வு அதில் எவ்வளவு அழுத்துகிறது, பிஸ்டனில் இடிக்குமா என்று பாருங்கள். ஹெட் இறங்கியதால் புஷ்ராட் (வால்வைத் திறக்கத் தள்ளும் கம்பி) இறுகியிருக்கும். டாப்பெட் மூடியைத் திறந்து, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ராட் விரலால் சுழலும் அளவுக்கு மறுபடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். அப்புறம் ஸ்பார்க் டைமிங்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, முதலில் சமவெளியில் ஓட்டிப் பாருங்கள்.