தைரொட்சின் குளிசையும் இறங்காத கொலஸ்திரோலும்

கேள்வி: அம்மாவுக்கு வயது 52, எடை 60 கிலோ. தைரொயிட் சுரப்பு குறைவென்று தைரொட்சின் 50 மைக்ரோகிராம் தொடங்கி மூன்று கிழமை. களைப்பும் குளிரும் அப்படியே. பொரியலை விட்டும் கொலஸ்திரோல் இறங்கவில்லை. கழுத்துச் சுரப்பிக்கும் கொலஸ்திரோலுக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, உப்புவெளி

பதில்: தொடர்பு ஈரலில் இருக்கிறது. குளிசையில் உள்ள தைரொட்சின் (ரி-4) பெரும்பாலும் இருப்புச் சரக்குத்தான். ஈரல், சிறுநீரகம், மூளை போன்றவற்றிலுள்ள செலீனிய நொதியங்கள் அதிலிருந்து ஓர் அயடீனைக் கழற்றினால்தான் வீரியமுள்ள ரி-3 கிடைக்கும். அது கலக் கருவுக்குள் போய், டி.என்.ஏ.யில் ஏற்கெனவே குந்தியிருக்கும், ரி-3ஐ ஏற்கும் ‘வாங்கி’ (receptor) என்ற புரதத்தோடு சேரும். ரி-3 வராவிட்டால் அந்த வாங்கி சும்மா இராது. பக்கத்துப் பரம்பரையலகை அமுக்கியே வைத்திருக்கும். ஈரலில் அப்படி மந்தமாவதில் ஒன்று, குருதியிலுள்ள எல்.டி.எல். எனும் ‘கெட்ட’ கொலஸ்திரோலைப் பிடித்து உள்ளிழுக்கும் புரதத்தின் பரம்பரையலகு. பிடிக்க ஆளில்லாமல் கொலஸ்திரோல் தேங்குகிறது. பொரியல் மேல் மட்டும் பழி போடாதீர்கள். அனுசேபம் தணிந்து வெப்பம் குறைவதால்தான் குளிர்.

மூன்று கிழமை போதாது. ரி-4 உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் எடுக்கும்; அளவு நிலைகொள்ள ஐந்தாறு கிழமை வேண்டும். தைரொயிட்டைத் தூண்டும் ஹோர்மோனை அளக்கும் ரி.எஸ்.எச். சோதனையை, குளிசை தொடங்கி 6–8 கிழமையில் செய்யுங்கள். முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற விற்றமின் எடுத்தால் சோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், முடிவு பிழையாகக் காட்டும். முழுத் தேவை கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம், அதாவது அம்மாவுக்கு 100 அளவில். ஆனால் நீங்களாகக் கூட்டக்கூடாது: மிஞ்சினால் இதயத் துடிப்பு ஒழுங்கு கெடும், மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பும் தேயும். கொலஸ்திரோலைக் குறைக்கும் ஸ்டற்றின் வகைக் குளிசை தொடங்குவதானால் தைரொயிட் குறைவை டொக்டரிடம் நினைவூட்டுங்கள். அது சீராகுமுன் தசைநோ வரும் வாய்ப்பு கூட.

குளிசையை விடிய வெறும் வயிற்றில் தண்ணீருடன் மட்டும் போட வேண்டும். தேத்தண்ணி, கோப்பி அரை மணி முதல் ஒரு மணி கழித்து. கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு 4 மணி இடைவெளி. இவை தைரொட்சினைக் குடலிலேயே கட்டிவிடும். திருகோணமலை வெயிலில் யன்னலோரம் வைத்தால் குளிசை வீரியம் இழக்கும்.

கேள்வி: கடல்மீன் தின்னும் எங்களுக்குமா தைரொயிட் வரும்?
– வாசகர், மூதூர்

பதில்: வரும். அயடீன் குறைவு மட்டும் காரணமல்ல. இலங்கையில் 1995 முதல் சமையல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டம். அயடீன் போதிய இடங்களில் சுரப்புக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய். அதற்கு அயடீன் மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். சிலருக்குச் சுரப்பு இன்னும் குறையும்.