வில் அம்பால் மீன் பிடிக்க இன்னும் அதிக இடங்களில் அனுமதி கொடுத்தால் ஆபத்து கூடாதா?

கேட்டவர் ஒரு பையன் கவணில் அம்பு கோத்து விரால் அடிக்கும் காணொளியைப் பார்த்துவிட்டு, இதைச் சட்டப்படி திறந்துவிட்டால் யார் கண் போகுமோ என்று பயந்து கேட்டிருக்கிறார். பயம் நியாயமானதுதான். இருந்தாலும் முறையாகத் திறந்துவிட்டால் ஆபத்து குறையும் என்றுதான் சொல்வேன். ஒரு தடவை அடிபடப் பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எனக்கு ஊர் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஸ் பலகையில் மலையாளம். நடுவில் வேலைக்காக மூன்று வருஷம் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் இருந்தேன். வில்லைத் தொட்டது அங்கேதான். அங்கே மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். எதை எய்யலாம், எதை எய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. கெண்டை வகைகளை எய்யலாம், பாஸ் மாதிரி பொழுதுபோக்குக்காகத் தூண்டிலில் பிடிக்கும் மீன்களைத் தொடக் கூடாது. இல்லினாய் ஆற்றில் வெள்ளிக் கெண்டை மண்டிக்கிடக்கிறது. ஆசியாவிலிருந்து 1970களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன மீன் அது. மோட்டார் சத்தம் கேட்டால் தண்ணீரை விட்டுத் துள்ளி படகுக்குள்ளேயே விழும்.

இரண்டாவது தடவை போனபோது யாரோ கொடுத்த பழைய அம்பை எடுத்துப் போயிருந்தேன். அதில் நூல் அம்பின் வால் ஓட்டையிலேயே கட்டியிருந்தது. நாணை இழுத்தபோது அந்த நூல் நாணில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டதை நான் பார்க்கவில்லை. விட்டேன். அம்பு நாலு முழம் போனது, நூல் விறைத்தது, போன வேகத்திலேயே திரும்பி வந்து என் இடது தோள் பக்கம் சட்டையைக் கிழித்துக்கொண்டு போய் படகுத் தகட்டில் மோதியது. சத்தம் அடங்கும் வரை மூச்சு விடவில்லை. படகு ஓட்டிய பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்பை வாங்கி நூலை அறுத்து, தண்டின் மேல் ஓடுகிற ஒரு சின்ன வளையத்தை மாட்டி, அதில் நூலைக் கட்டிக் கொடுத்தார். நாணை முழுக்க இழுத்தாலும் அந்த வளையம் வில்லுக்கு முன்னாலேயே நிற்கும். அம்பு கிளம்பிய பிறகுதான் வால் பக்கம் ஓடிப் போகும். நூல் நாண் பக்கம் வருவதே இல்லை, அதனால் சிக்கவும் வழியில்லை.

வில்மீன்பிடியில் நான் முதலில் பயப்படுவது இப்படித் திரும்பி வரும் அம்புக்குத்தான். அதைத் தடுப்பது ஒரு விரல் நீள வளையம்.

போகிற அம்பைப் பற்றிய பயத்துக்கும் பதில் இருக்கிறது. மீன் அம்பு கனமான ஃபைபர் கிளாஸ் தண்டு, இறகு கிடையாது. கூடவே நூல் இருப்பதால் நூலின் நீளத்தைத் தாண்டி அது போகாது. தண்ணீருக்குள் இறங்கினால் கொஞ்ச ஆழத்திலேயே வேகம் செத்துவிடும். ஒரே விஷயம், தண்ணீரை ஒட்டிப் படுக்கையாக எய்யக் கூடாது. ஓட்டாஞ்சில்லு மாதிரி தத்திக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விடும். மேட்டில் நின்று செங்குத்தாக, பக்கத்தில் வரும் மீனை மட்டும் எய்ய வேண்டும். ஒளி விலகலால் மீன் இருக்கும் இடத்துக்கு மேலே தெரியும் என்பதால், கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குக் கீழேதான் எப்படியும் குறி வைக்கணும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். போன மழைக்கு முன்னால் ஏரிக்கரையில் ஒரு பையன், பத்தாவது படிக்கிறவன், கவண் வைத்திருந்தான். ஆஸ்பத்திரி ரப்பர் குழாய், குடைக்கம்பியைத் தேய்த்துச் செய்த அம்பு. நூலின் ஒரு நுனி அம்பின் வாலில், மறு நுனி அவன் மணிக்கட்டில். "ஏண்டா கையில கட்டிருக்க?" என்றேன். "அம்பு தண்ணியில போயிரும்ல, அண்ணா" என்றான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது காணொளி மட்டும்தான். எய்வது தப்பு என்று மட்டும் சொல்லி விரட்டினால் அவன் இன்னும் மறைவான இடத்துக்குப் போவான், அதே நூலை அதே மணிக்கட்டில் கட்டிக்கொண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். மறைவில் நடக்கிற மற்ற வேலைகள் என்னென்ன? வெடித் தோட்டா போடுவது, துருசு கலக்குவது, கரண்ட் கம்பியைத் தண்ணீரில் விடுவது. வெடியையும் விஷத்தையும் 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே தடுத்துவிட்டது. ஆனாலும் தோட்டாவில் விரல் போனவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கரண்ட் வைத்தால் மீன் மட்டுமா சாகும்? மாடு குளிப்பாட்ட இறங்கியவரும் சாவார். அம்பு அப்படிக் குட்டை முழுக்கப் பரவாது, ஒரு தடவைக்கு ஒரு மீன்தான்.

அதற்காக எல்லா நீர்நிலையிலும் விடு என்று நான் கேட்கவில்லை. துணி துவைக்கும் படித்துறை, பையன்கள் குதிக்கும் மதகு, இதெல்லாம் பக்கத்திலேயே வரக் கூடாது. முதல் மழையில், 'ஊத்த' என்று எங்கள் பக்கம் சொல்லும் மீன் ஏற்றக் காலத்தில், வயிற்றில் சினையோடு வயலுக்கு ஏறி வரும் மீனை வலை போட்டுப் பிடிப்பதற்கே கேரளத்தில் தடை இருக்கிறது. அந்த நாட்களில் வில்லும் வீட்டில் இருக்க வேண்டும். ராத்திரி வேண்டாம். எதிர்க்கரையில் ஆள் தெரிந்தால் வில்லை இறக்கிவிட வேண்டும். பதினெட்டு வயது, ஒரு நாள் பயிற்சி, வளையம் மாட்டிய அம்பு, இதெல்லாம் இருந்தால்தான் உரிமம்.

எய்வதற்கு மீனும் குறித்துக் கொடுக்கலாம். ஜிலேபி 1952இல் வெளியிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை, ஆனால் வாய்க்காலில் கிடக்கிறது. கண்ணாடித் தொட்டி சுத்தம் செய்ய வாங்கி வளர்ந்ததும் குளத்தில் கொட்டிய உறிஞ்சுவாய் மீன் இன்னொன்று. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா, முதலை மூக்கு வைத்த 'அலிகேட்டர் கார்' என்ற வெளிநாட்டு மீன்களும்கூட வலையில் மாட்டின. அந்த முதலை மூக்கு மீனை அதன் சொந்த ஊரான அமெரிக்காவில் வில்லால்தான் நிறையப் பேர் பிடிக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. தூண்டிலில் மாட்டிய மீனைத் திரும்ப விடலாம், அம்பு பட்ட மீனை விட முடியாது. கலங்கல் தண்ணீரில் அசைகிற நிழல் பால் ஆமையாக இருக்கலாம், நீர்நாயாக இருக்கலாம். இரண்டுக்கும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. இன்ன மீன் என்று தெரியாமல் நாணை விடக் கூடாது. பயிற்சியில் பாதி நேரம் இதற்கே போக வேண்டும்.

அந்தப் பையனின் நூலை அன்றைக்கே மணிக்கட்டிலிருந்து அவிழ்க்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் தோப்புக்கு வரச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்ப் பக்கம் போகப் போவதில்லை. காய்ந்த தென்னை மட்டையை நட்டு வைத்து, வளையம் எப்படி ஓடுகிறது என்று இரண்டு பேருக்கும் காட்டப் போகிறேன்.