முத்திரை இல்லாத வீணைக் கணபதி

சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவர் கேட்கிறார்: "கரோசெல் இணையச் சந்தையில் ஒரு லியாட்ரோ பீங்கான் வீணைக் கணபதியைப் பார்த்தேன். 280 வெள்ளி. அடியில் முத்திரை எதுவும் இல்லை. 'ரொம்பப் பழசு, அப்போதெல்லாம் முத்திரை கிடையாது' என்கிறார் விற்பவர். ஒரு விரல்நுனி ஒட்டியதுபோலத் தெரிகிறது. வாங்கிக் கொலுவில் வைக்கலாமா? எப்படித் துடைப்பது?"

வாங்க வேண்டாம். விரலுக்காகச் சொல்லவில்லை, அவர் சொன்ன காரணத்துக்காகச் சொல்கிறேன்.

லியாட்ரோ என்பது 1953-இல் ஸ்பெயினின் வலென்சியாவை ஒட்டிய அல்மாசெராவில் மூன்று சகோதரர்கள் தொடங்கிய பீங்கான் பொம்மைப் பட்டறை. ஆரம்பத்தில் பெயரைக் களிமண்ணிலேயே பதித்துவிடுவார்கள். மணிப்பூ வடிவத்தோடு நீல முத்திரை வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில்தான். ஆகவே நீல முத்திரை இல்லாத அசல் பொம்மைகள் உண்டு. ஆனால் அவர்கள் பிள்ளையாரைச் செய்யத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. "ரொம்பப் பழசு" என்ற சமாதானம் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் ஸ்பானியப் பெண்ணுக்குப் பொருந்தலாம், கணபதிக்குப் பொருந்தாது.

பெயர் இருந்து, பூ மட்டும் சுரண்டப்பட்டிருந்தால் கதை வேறு. அது ஆலையே குறைகண்டு இரண்டாம் தரமாக ஒதுக்கிய உருப்படி. ஆசைக்கு வாங்கலாம், முதல்தர விலை கொடுக்கக் கூடாது. அதே நிறுவனத்தின் மலிவான நாவோ பொம்மைகளை லியாட்ரோ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

அடியில் சிறு துளை தெரிந்தால் பயப்படாதீர்கள். அச்சில் களிமண் கூழை ஊற்றி வார்ப்பதால் பொம்மை உள்ளே வெற்றிடமாக இருக்கும். சூளையில் சூடாகும் காற்று வெளியேற வழி வேண்டுமே, அதற்குத்தான் அந்தத் துளை. ஆனால் அது தண்ணீர் உள்ளே போகவும் வழி என்பதால் பொம்மையை ஊறப் போடாதீர்கள்.

இப்போது விரல். கள்ளநோட்டு பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்துப் பாருங்கள். ஒட்டிய பசையும் மேலே பூசிய சாயமும் பெரும்பாலும் சுற்றியுள்ள பீங்கானிலிருந்து மாறுபட்டு ஒளிரும். சூளையில் வெந்த நிறம் வெயிலுக்கு எளிதில் மங்காது. பிறகு பூசியது அப்படியல்ல, மாலை வெயில் விழும் வரவேற்பறையில் சில வருடங்களில் மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டியதே தப்பு என்றில்லை, ஒட்டியதை மறைப்பதுதான் தப்பு. கொலுவைப் பொறுத்தவரை, விரல் போன செட்டியார் பொம்மையை எங்கள் அம்மா வருடந்தோறும் வைப்பார். சுவாமி உருவம் பின்னமானால் மட்டும் படியேற விடமாட்டார். உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும்.

துடைக்க, முகப்பூச்சுக்குப் பயன்படுத்தும் மென்மையான பெரிய பிரஷ் போதும். இறகுத் துடைப்பம் வேண்டவே வேண்டாம், விரலிலும் பூவிதழிலும் மாட்டி இழுத்துவிடும். அழுக்கு படிந்திருந்தால், சோப்பு ஓரிரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றி எடுங்கள். குங்குமம், சந்தனம் வைக்காதீர்கள். பளபளப்பான மேற்பரப்பில் வைத்தாலாவது துடைத்துவிடலாம், மெருகில்லாத மங்கலான பரப்பில் கறை தங்கிவிடும். விளக்கையும் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

அவசரம் இல்லையென்றால் ஒருநாள் எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்குப் போய், சீனாவின் தெஹுவா வெண்பீங்கான் சிலைகளின் கைகளை நின்று பாருங்கள். நல்ல வேலையில் விரல்கள் எப்படிப் பிரிந்து நிற்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

அடுத்த முறை விலை பேசும் முன் அடிப்பாகம், இரண்டு கைகள், துதிக்கை ஆகியவற்றின் படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயில் நிலையத்தில் சந்தித்து வாங்குவதாக இருந்தால், பணம் கொடுக்குமுன் நீங்களே கையில் வாங்கித் திருப்பிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.