கிளாட் 70, பிளஸ் டூ 548: சட்டக் கல்லூரிச் சீட்டுக்கு எந்தக் கணக்கு?

கேள்வி: மகள் பிளஸ் டூ வணிகவியல் படிக்கிறாள். பள்ளித் தேர்வுகளில் 600-க்கு 548 அளவில் வருகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட்டின் மாதிரித் தேர்வில் 120-க்கு 70. நாங்கள் பி.சி. பிரிவு. இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்து, நல்ல சட்டக் கல்லூரி கிடைக்க 78 சதவீத வாய்ப்பு என்கிறது ஓர் ஆலோசனை மையம். நம்பலாமா? பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலையில் பி.ஏ. முடித்த நானும் மூன்றாண்டு சட்டம் படிக்க முடியுமா?

பதில்: அந்த 78-ஐ மறந்துவிடுங்கள். இந்த இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டிப் பார்க்கிற சேர்க்கை முறையே இங்கே கிடையாது. கிளாட் வழியாகப் போனால் தரவரிசை முழுக்க அந்த ஒரு தேர்வை வைத்துத்தான். பிளஸ் டூவில் பொதுப்பிரிவினரும் ஓ.பி.சி.யினரும் 45 சதவீதம் தாண்டினால் போதும், 548-க்கு அங்கே கூடுதலாக ஒரு மதிப்பெண்கூடத் தரமாட்டார்கள். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளோ பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தருபவை. கிளாட்டில் 100 எடுத்தாலும் அங்கே யாரும் கேட்கப்போவதில்லை.

முதலில் அந்த 70. இணையத்தில் உலவும் பழைய கட்-ஆஃப் பட்டியலோடு இதை ஒப்பிடாதீர்கள். 2023 சேர்க்கைவரை கிளாட் 150 மதிப்பெண்ணுக்கு நடந்தது, அதற்குப் பிறகுதான் 120. ஆண்டுக்கு ஆண்டு வினாத்தாளின் கடினமும் மாறும். மதிப்பெண்ணை விடுங்கள், ரேங்க்கைப் பாருங்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பிரிவில் கடைசியாக எந்த ரேங்க்குக்குச் சீட் போனது என்பதைத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு சுற்றுவாரியாக வெளியிடுகிறது. மையத்துக்குப் பணம் கட்டும் முன் அதை ஒரு மாலை உட்கார்ந்து படியுங்கள், காசு செலவில்லை. நம் ஊர் பி.சி. சான்றிதழ் வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களில் எல்லாம் செல்லாது என்பதும் அப்போது புரியும். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இந்த மாநிலத்தவருக்குத் தனி ஒதுக்கீடு உண்டு, அந்த வரியைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகள் எத்தனை கேள்விகளுக்கு விடையளித்து 70 எடுத்தாள் என்று கேட்டீர்களா? ஒரு தவறுக்கு கால் மதிப்பெண் போகும். 110 கேள்விக்கு விடை எழுதி 78 சரி, 32 தவறு என்றால் 78-இல் 8 போய் 70. தவறானவற்றில் பாதியைத் தொடாமல் விட்டிருந்தாலே 74. இது புதிதாக எதையும் படிக்காமலே கிடைக்கும் நான்கு மதிப்பெண், ரேங்க் பட்டியலின் நெருக்கமான பகுதியில் அது பெரிய தூரம். ரேங்க்கும் கல்லில் எழுதியதல்ல: 2024 டிசம்பரில் நடந்த தேர்வின் விடைக்குறிப்புச் சண்டை டெல்லி உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய் 2025 மே மாதத்தில்தான் தீர்ந்தது. சட்டம் படிக்க வந்த பிள்ளைகள் வழக்கு முடியக் காத்திருந்தார்கள்!

இனி மாநிலச் சேர்க்கை. இங்கே 548 பேசும். 91 சதவீதம் மரியாதையான மதிப்பெண், ஆனால் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமே நடத்தும் சென்னை தரமணி சீர்மிகு சட்டப்பள்ளியின் ஹானர்ஸ் படிப்புக்குப் போட்டி கடுமை, அரசு சட்டக் கல்லூரிகளில் சற்றுத் தளர்வு. 31 சதவீதப் பொதுப் போட்டி இடங்களிலும் பி.சி.யின் 26.5 சதவீதத்திலும் மகள் பெயர் வரலாம், எனவே சென்ற ஆண்டுப் பட்டியலில் இரண்டு வரிசையையும் பாருங்கள். கிளாட் டிசம்பரில் முடிந்து கலந்தாய்வுக் கட்டணமும் கேட்டுவிடுகிறார்கள், மாநிலத் தரவரிசையோ பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு. ஒரு பக்கம் பணத்தைக் கட்டிவிட்டு இன்னொரு பக்கம் காத்திருப்பது பெற்றோர் தலையில். இரண்டு நாட்காட்டிகளையும் ஒத்துப்போகச் செய்ய இத்தனை ஆண்டுகளாக யாருக்கும் மனம் வரவில்லை.

உங்கள் விஷயம். தபால் வழியில் படித்த பட்டம் தடையில்லை. பிளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதியிருந்தாலும் தடையில்லை. இதைச் சொல்லித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள், அதனால் மறுபடியும் சொல்கிறேன்: தபால் வழி என்பது குற்றமில்லை. பிளஸ் டூ என்ற படியையே தாண்டி, நேரடியாகத் திறந்தநிலையில் வாங்கிய பட்டம்தான் வழக்கறிஞர் தொழிலை நெறிப்படுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008 சட்டக் கல்வி விதிகளின்படி சட்டப் படிப்பில் சேரச் செல்லாது. உங்களுடையது அந்த வகை.

‘பக்கத்து மாநிலத்தில் சேர்த்துவிடுகிறேன், வகுப்புக்கே வரவேண்டாம், சான்றிதழ் வீட்டுக்கு வரும்’ என்று ஒரு புரோக்கர் உங்களைத் தேடி வருவார். விதி அங்கேயும் அதேதான். மூன்றாண்டுக் கட்டணமும் தரகும் கொடுத்த பிறகு, வழக்கறிஞராகப் பதியச் சான்றிதழ்களை நீட்டும்போதுதான் பிளஸ் டூ எங்கே என்று கேட்பார்கள். அந்த நேரம் புரோக்கரின் கைபேசி அணைந்திருக்கும்.