ஒப்பிக்கிறாள், ஆனால் எண்ணத் தெரியவில்லை!

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் ஐந்து பட்டன்களை எண்ணச் சொன்னால் ஒரு நாள் ஆறு என்கிறாள், இன்னொரு நாள் எட்டு என்கிறாள். சில சமயம் சரியாகவே எண்ணிவிடுகிறாள். அப்போதும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள். பயிற்சிப் புத்தகம் வாங்கித் தினமும் எழுத வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு எழுத வைக்க வேண்டாம் அம்மா. நீங்கள் சொன்ன இரண்டுமே இந்த வயதில் சாதாரணமாகப் பார்ப்பவைதான்.

இருபது வரை சொல்வது குழந்தைக்கு ஒரு பாட்டு மாதிரி. வரிசை மனப்பாடமாகியிருக்கிறது, அதுவும் நல்லதே. எண்ணுவதற்கு அதற்கு மேலும் சில விஷயங்கள் வேண்டும். 1978-இல் ரோஷல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் அவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். அதில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு: ஒரு பொருளுக்கு ஒரு எண் மட்டும் சொல்வது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிந்துகொள்வது. உங்கள் மகள் தடுமாறுவதும் இந்த இரண்டு இடங்களில்தான்.

முதலில், ஐந்து பட்டன் ஆறு, எட்டு ஆகும் கதை. அடுத்த முறை எண்ணும்போது அவள் விரலைக் கவனியுங்கள். வாய் "மூன்று, நான்கு" என்று முந்திக்கொண்டு போகும், விரல் மூன்றாவது பட்டன் மேலேயே நிற்கும். இல்லையென்றால் எண்ணிய பட்டனுக்கே திரும்ப வரும். பட்டன்களைச் சிதறிப் போடாமல் வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டபடி எண்ணட்டும். கையில் எடுத்துப் போடும்போது வாய்க்கும் கைக்கும் வேகம் ஒன்றாகிவிடும். எண்ணியது எது, எண்ணாதது எது என்ற குழப்பமும் இருக்காது.

இரண்டாவதுதான் முக்கியம். "எத்தனை?" என்ற கேள்வியை அவள் "திரும்ப எண்ணு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறாள். அதனால் கேள்வியையே மாற்றுங்கள். "எனக்கு இரண்டு ஸ்பூன் எடுத்துக் கொடு" என்று கேளுங்கள். அது சுலபமாக வந்தால் மூன்று கேளுங்கள். கை நிறைய அள்ளிக் கொடுத்தால் "தப்பு" என்று சொல்லாமல் சேர்ந்து எண்ணிப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஒன்றின் பொருள் முதலில் பிடிபடும். அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று. ஒவ்வொரு படிக்கும் நடுவே சில மாதங்கள்கூட ஆகலாம். அவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று தெரிந்தால், அதற்கு ஒரு படி மேலே மட்டும் கேட்டால் போதும். இருபதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நீங்கள் எண்ணிக் காட்டும்போது மொத்தத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "இங்கே மூன்று செருப்பு இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று செருப்பு!" கேட்கக் கேட்க, கடைசி எண்ணுக்கும் மொத்தத்துக்கும் உள்ள தொடர்பு அவளுக்குப் பிடிபடும்.

ஒரு விளையாட்டும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தாளில் நேர்கோடாகப் பத்துக் கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். பூவா தலையா போடுங்கள். தலை விழுந்தால் ஒரு கட்டம், பூ விழுந்தால் இரண்டு கட்டம் காய் நகர வேண்டும். இப்படிப்பட்ட நேர்கோட்டு விளையாட்டைச் சில முறை ஆடியதிலேயே சிறு குழந்தைகளின் எண் அறிவு கூடியதை ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். எப்படிச் சொல்லி நகர்த்துகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. ஐந்தாம் கட்டத்தில் நிற்கும் காய் இரண்டு கட்டம் போக வேண்டும் என்றால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லக் கூடாது. கட்டத்தில் உள்ளபடி "ஆறு, ஏழு" என்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் நீங்கள் அவள் விரலைப் பிடித்துச் சேர்ந்து சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும், அவள் எழுந்து ஓடினால் விட்டுவிடுங்கள்.

ஐந்து வயது தாண்டியும், இவ்வளவு விளையாடிய பிறகும், மூன்று பொருள் கேட்டால் எடுத்துத் தர முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள். பயிற்சிப் புத்தகம் அவளே பென்சிலைத் தேடி எடுக்கும் நாளில் வாங்கிக்கொள்ளலாம்.