வேட்டைத் துப்பாக்கியின் குழல் முனையில் வீட்டிலேயே மரை வெட்டி மசில் பிரேக் பொருத்தலாமா?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். மான் வேட்டைக்காக வாங்கிய .308 வின்செஸ்டர் ரகத் தோட்டாவுக்கான போல்ட் துப்பாக்கி (ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) தோளைப் பலமாக உதைக்கிறது, குழல் முனையில் மரை இல்லை, கேரேஜில் சிறிய லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்று சும்மா கிடக்கிறது, ஆகவே தாமே மரை வெட்டி, வாயுவைத் திருப்பி உதையைக் குறைக்கும் முனைக் குழாயான மசில் பிரேக்கைப் பொருத்திக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. அவருடைய மாநிலத்தில் சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்பதே என் பதில். எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களுக்கு மரை வெட்டும் பட்டறையில் வேலை செய்பவன் என்பதால் லேத்தைக் கண்டு பயந்து இதைச் சொல்லவில்லை. குழாய்க்கு மரை வெட்டுவதும் துப்பாக்கிக் குழலுக்கு மரை வெட்டுவதும் ஒரே வேலை அல்ல என்பதை நேரில் பார்த்ததால் சொல்கிறேன்.

குழலின் வெளிப்புற மையமும் உள்துளையின் மையமும் ஒன்றாகவே இருக்கும் என்று பலரும் எண்ணுகிறார்கள். நீண்ட எஃகுத் தண்டில் ஆழமாகத் துளையிடும்போது துளைப்பான் சற்றே விலகிச் செல்வது இயல்பு. அதன் பிறகு வெளிப்புறத்தைக் கடைந்து, மெருகேற்றி விற்பனைக்கு அனுப்புகிறார்கள். நான் என் துப்பாக்கியைக் கொண்டுபோயிருந்த துப்பாக்கி மெக்கானிக், குழலை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் (பிடிப்பானில்) பிடித்துச் சுழற்றி, முதலில் வெளிப்புறத்தில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் அளவி) வைத்துக் காட்டினார். ஊசி அசையவே இல்லை. பின்னர் துளைக்குள் இறுக்கமாகப் பொருந்தும் கம்பியைச் செருகி அதன்மேல் வைத்தபோது, ஊசி நான்கு கோடுகள் ஆடியது. ஒரு கோடு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பார்வைக்குப் பழுதே இல்லாத, பெயர்பெற்ற தயாரிப்பாளரின் குழல் அது. அந்த ஊசி நிற்கும்வரை அவர் வெட்டுளியைத் தொடவில்லை. மரை வெட்டிய நேரத்தைவிட மையம் பிடித்த நேரமே அதிகம்.

தோட்டா வெளிப்புறத்தைப் பார்த்துப் போவதில்லை, துளையைப் பார்த்துத்தான் போகிறது. மசில் பிரேக்கின் வாய் தோட்டாவைவிடச் சிறிதளவே அகலமானது என்பதால், மரையோ பிரேக் வந்து அமரும் தோள்பட்டையோ சாய்ந்திருந்தால் தோட்டா அந்த வாயை உரசும். பிரேக் குட்டையானது என்பதால் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அதே மரையில் நாளை சப்ரசரை (வெடியோசையைக் குறைக்கும் நீண்ட குழாய்) மாட்ட ஆசை வரும், பெரும்பாலோருக்கு வருகிறது. முக்கால் அங்குல அகலத் தோள்பட்டை 0.002 அங்குலம் சாய்ந்திருந்தால், 8 அங்குல சப்ரசரின் மறுமுனையில் அது 0.02 அங்குலத்துக்கும் மேலான விலகலாகிவிடும். உள்ளே தடுப்புத் தகட்டில் தோட்டா மோதினால் சப்ரசர் கிழியும். சிதறல் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேத்தே இல்லாமல் மரை வெட்டும் கைக்கருவியான டையைத் திருகி மரை போடுவது இன்னும் மோசம், ஏனெனில் டை வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டே இறங்குகிறது.

அடுத்தது முனை விளிம்பு, அதாவது க்ரவுன். தோட்டா துளையை விட்டு வெளியேறும் கணத்தில் அதன் பின்னால் வரும் வாயு எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட வேண்டும். விளிம்பில் ஓரிடத்தில் சிறு பிசிறு நின்றாலும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொள்ள, தோட்டாவின் வால் தள்ளப்பட்டுக் குறி கலையும். குழல் முனையில் செய்யும் எந்த வேலையும் இந்த விளிம்பைத் தொடாமல் முடிவது அரிது.

குழலின் பருமனையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் .308 குழல்களுக்கு வழக்கமான மரை அளவு எட்டில் ஐந்து அங்குலம், அங்குலத்துக்கு 24 புரிகள். எடை குறைவுக்காக மெலிதாகக் கடைந்த வேட்டைக் குழல்கள் சிலவற்றில் முனையின் பருமனே அந்த 0.625 அங்குலத்தை எட்டாது. அப்படிப்பட்ட குழலில் அந்த மரைக்கு இடமே இல்லை; சிறிய மரையைத் தேடினால் சுவர் மெலிந்துபோகும்.

உதை குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால், பிரேக் அதைக் குறைக்கும், ஆனால் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்புவதால் சுடுபவரின் காதுக்கும் பக்கத்தில் நிற்பவரின் காதுக்கும் சத்தத்தைக் கூட்டிவிடும். இந்தவகைத் துப்பாக்கியின் வெடியோசை ஏற்கெனவே 160 டெசிபலைத் தாண்டுவது. திடீர் ஓசைக்கு 140 டெசிபலே காதுக்கு ஆபத்தான எல்லையாகக் கொள்ளப்படுகிறது. காட்டில் காதுக்கவசம் இல்லாமல் சுடும் பழக்கம் உள்ளவர் பிரேக்கைப் பற்றி நினைக்கவே கூடாது. துப்பாக்கிக் கட்டை தோளில் படும் இடத்தில் நல்ல ரப்பர் பட் பேடும் சற்றே வீரியம் குறைந்த தோட்டாவும் பல தோள்களுக்குப் போதுமானவை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழுதான முனையை வெட்டிவிட்டு மறுபடி முயலலாம் என்று இறங்கும்போது குழல் 16 அங்குலத்துக்குக் கீழே போய்விட்டால், 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி அது முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்ய வேண்டிய வேறு வகை ஆயுதமாகிவிடும். கலிபோர்னியாவில், கழற்றக்கூடிய மேகசின் கொண்ட அரைத் தானியங்கித் துப்பாக்கியில் ஒளிமறைப்பான் (குழல் முனையில் எழும் வெடிச் சுடரை மறைக்கும் பொருத்தி) இருப்பதே அதைத் தடை வகைக்குள் தள்ளிவிடும். இதைப் படிக்கும் இந்திய வாசகர்களுக்கு இந்தக் கேள்வியே எழக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும்கூடத் தனி உரிமம் வேண்டும், உங்களிடம் உள்ள வைத்திருக்கும் உரிமம் அதற்குப் பொருந்தாது.

எனவே கேட்டவர் உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோகட்டும். வெளிப்புறத்தை வைத்து மையம் பிடிப்பாரா, துளையை வைத்தா என்று முதலிலேயே கேளுங்கள். வெளிப்புறம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். வாங்கிய பிரேக்கையும் கையோடு கொடுத்து அதைப் பொருத்தியே சரிபார்த்துத் தரச் சொல்லுங்கள், பிரேக் இல்லாத நாட்களில் மரையை மூடிவைக்கும் மூடியையும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.